முதல் வருடத்தில் பிள்ளையைத் திருப்பி அழைக்காதீர்கள்

(உயர்கல்விக்குத் தெரிவான பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்குமாகத் தோட்ட வாசிகசாலையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாழ்த்துச் சொல்வதற்கு மட்டும் இந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை. பெறுபேறு வந்த அன்று வெடி கொளுத்தினோம், கோவிலில் பூசை வைத்தோம், லயத்துக்கு லயம் இனிப்புக் கொடுத்தோம். அந்தச் சந்தோசம் நமக்கு உரியது. ஆனால் பிள்ளை கெம்பஸ் வாசலில் கால் வைத்த பிறகு வரும் முதல் வருடத்தைப் பற்றி நாம் யாரும் வாய் திறப்பதில்லை. நம் பிள்ளைகள் இடறி விழுவது அந்த வருடத்தில்தான். அதைப் பேசத்தான் உங்களைக் கூப்பிட்டோம்.

போன வருடம் நமது பகுதியிலிருந்து ஒரு பிள்ளை கெம்பசுக்குப் போனது. பெயர் வேண்டாம். வீட்டில் முதன்முதலாக அந்தப் படி ஏறிய பிள்ளை. ஐந்தாம் மாதம் ஓர் இரவு தகப்பனார் எங்களுக்குப் போன் எடுத்தார். "மாஸ்டர், புள்ள போன்ல அழுவுது. ஒண்ணுமே வெளங்கலங்குது. போயி கூட்டியாந்திரவா?" பொறுங்கள், பேசிப் பார்ப்போம் என்றோம். அவருக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே பஸ் ஏறிப்போய்க் கூட்டி வந்துவிட்டார். பிள்ளை இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறது.

அந்தத் தகப்பனை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். பெற்ற மனம் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு அவருக்கு ஒரு விசயத்தைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. முதல் வருடத்தில் விளங்கவில்லை என்றால், அது பிள்ளைக்குத் தகுதியில்லை என்பதற்கு அடையாளம் அல்ல. அதற்கு முன்பு நமக்குக் கிடைக்காமல் போனவை எல்லாம் அந்த ஒரே வருடத்தில் ஒன்றாகக் கணக்குக் கேட்கின்றன, அவ்வளவுதான்.

என்னென்ன கணக்குக் கேட்கும்? முதலாவது ஆங்கிலம். பல பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். நம் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் இல்லாமலே எத்தனை வகுப்புகள் கடந்து போயின என்று பெற்றோருக்குத் தெரியும். இரண்டாவது பணம். மகாபொல கிடைத்தாலும் முதல் காசு கைக்கு வரச் சில மாதம் பிடிக்கும். அறைக்கு முற்பணம், மெத்தை, சாப்பாடு எல்லாம் அதற்கு முன்பே கேட்கும். மூன்றாவது தனிமை. பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஆறு பேரோடு படுத்துப் பழகிய பிள்ளைக்குத் தனிக் கட்டிலில் தூக்கம் வராது.

நான்காவது ஒரு சொல். "நீங்கள் குறைந்த புள்ளியில் வந்தவர்கள்தானே" என்று யாராவது ஒருவர், வேடிக்கையாகவோ வேண்டுமென்றோ, சொல்லிவிடுவார். அந்தச் சொல் பிள்ளையின் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கும்.

இதற்குப் பதில் தெரிந்துகொண்டு போங்கள் தம்பி தங்கைகளே. நுவரெலியாவும் பதுளையும் பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற பட்டியலில் இருக்கின்றன. ஏன் பின்தங்கின? 1945ஆம் ஆண்டு கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். நாடு முழுவதும் குடியானவர் பிள்ளைகள் அந்தக் கதவால் உள்ளே போனார்கள். தோட்டப் பாடசாலை அந்தக் கதவுக்கு வெளியே, துரையின் தயவில் நின்றது. 1948இல் நம் பாட்டன்மாரின் பிரசாவுரிமையே போயிற்று. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். ஒரு தலைமுறைக்கு மேல் நமக்கு வரவேண்டியது வரவில்லை. நிலுவைச் சம்பளத்தை வாங்கும்போது நாம் தலைகுனிந்தா வாங்குகிறோம்? மாவட்ட ஒதுக்கீடும் அப்படிப்பட்ட ஒரு நிலுவைதான். நிமிர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் புத்தகத்தில் பார்த்துச் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நாங்களும் இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மூன்று பேராக வடக்கே படிக்கப் போனோம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியே முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். விடிய விடிய பஸ்ஸில் போய் இறங்கினால் வெயில். மலைக் குளிரில் வளர்ந்த உடம்புக்கு முதல் மாதம் முழுக்கத் தலைவலி. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. நாங்கள் "ஆமாங்க" என்றால் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் "ஓம்" என்று சொன்னதை ஆரம்பத்தில் கோவில் மந்திரம் என்று நினைத்தோம். "கதைக்க வேணும்" என்றால் கதை சொல்லப் போகிறார்கள் என்று காத்திருந்தோம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடுவில் தமிழ்ப் பிள்ளைகளாகவே அந்நியப்பட்டு நின்றோம். விரிவுரையில் பாதி விளங்காது. விளங்கவில்லை என்று கைதூக்கவும் துணிவு வராது. மூன்றாம் மாதம் நாங்கள் மூவருமே ஊர் திரும்புவது பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம்.

அப்போது எங்கள் வகுப்பில் நெடுந்தீவுப் பையன் ஒருவன் இருந்தான். யாழ்ப்பாணப் பிள்ளை, அவனுக்கு என்ன குறை என்று நினைத்திருந்தோம். லீவு நாட்களிலும் அவன் விடுதியிலேயே கிடப்பதைக் கண்டு ஒருநாள் கேட்டோம். "காத்துக் காலத்தில வீட்டை போனா வள்ளம் ஓடாமல் நிண்டிடும். திரும்பி வர ஏலாது. அதால நான் போறதில்லை" என்றான்.

தாய்மாரே, நெடுந்தீவு எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் தீவுப்பகுதி தொடங்குகிறது. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு என்று பஸ் போகும். புங்குடுதீவின் கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலுக்குப் படகு கொஞ்ச நேரம்தான் ஓடும். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலில் போகவேண்டும். வேலிக்குக்கூடப் பவளப் பாறைக் கல்லை அடுக்கி வைத்திருக்கும் ஊர். பெரிய வைத்தியசாலைக்கும் மேற்படிப்புக்கும் கடல் கடக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் எல்லாம் நிற்கும். நமக்கு மண்சரிவில் பாதை மூடுகிறது, அவர்களுக்குக் காற்றில் கடல் மூடுகிறது.

அவனும் வீட்டில் முதல் ஆள். அவனுக்கும் ஆங்கிலம் தடுமாற்றம். அவனையும் "தீவான்" என்று சிலர் கேலி செய்தார்கள். எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது, வகுப்பில் பயந்து உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள் மூவர் மட்டுமல்ல என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எங்களை ஊர்காவற்றுறைக்குக் கூட்டிப்போனான். அங்கே கரம்பொன் என்ற இடத்தைக் காட்டி, இது தனிநாயகம் அடிகள் பிறந்த ஊர், அவருடைய குடும்பத்தின் வேர் எங்கள் நெடுந்தீவில் இருக்கிறது என்று பெருமையோடு சொன்னான். பெயர் கேள்விப்பட்டிருந்தோம். வாழ்க்கையைப் பிறகுதான் தேடிப் படித்தோம். அந்த வருடத்தை நாங்கள் கடந்ததில் அந்த மனிதரின் கதைக்கும் பங்குண்டு. அதனால் உங்களுக்கும் சொல்கிறோம்.

சேவியர் தனிநாயகம் அடிகள் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி பிறந்தவர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும், பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். அந்தக் காலத்து வழக்கப்படி ஆங்கிலத்தில் படிப்பு. குருவாகப் போகவேண்டும் என்று கொழும்பில் படித்து, 1934இல் உரோமாபுரிக்குப் போய் அங்கே 1939 வரை இருந்து டொக்டர் பட்டம் வாங்கினார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு என்று ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்றவர். இத்தனை படித்தவருக்கு ஒரு குறை இருந்தது. தாய்மொழியான தமிழில் ஆழ்ந்த படிப்பு இல்லை.

1940இல் தமிழ்நாட்டில் திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துப் பாடசாலையில் கற்பிக்கப் போனார். அங்கேதான் அந்தக் குறை அவரைச் சுட்டது. என்ன செய்தார் தெரியுமா? ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் மாணவனாக உட்கார்ந்து முறையாகத் தமிழ் படிக்கத் தொடங்கினார். பகலில் பிள்ளைகளுக்கு ஆசிரியர், மற்ற நேரத்தில் தானே மாணவர். அதோடும் விடவில்லை. 1945இல், முப்பத்திரண்டு வயதில், சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கச் சேர்ந்தார். உரோமாபுரியில் டொக்டர் பட்டம் வாங்கியவர், சின்னப் பையன்கள் சங்கப் பாட்டைச் சரளமாகச் சொல்லும் வகுப்பில் போய் இருந்தார். 1949 வரை அங்கே படித்து முதுகலைப் பட்டமும் அதற்கு மேலான ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். அவர் ஆராய்ந்த பொருள் பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை. கடலோரத் தீவில் பிறந்தவர் நமது மலைக்கும் உரிய குறிஞ்சித் திணையையும் சேர்த்து உலகத்துக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கிலச் சஞ்சிகையைத் தொடங்கினார். இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். 1964 ஜனவரியில் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது அவருடைய உழைப்பால். 1679இல் அச்சான தமிழ் - போர்த்துக்கேய அகராதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. அதன் படியைத் திரும்ப அச்சில் கொண்டுவந்தவரும் அவர்தான். 1980 செப்டெம்பர் 1ஆம் திகதி காலமானார்.

இந்தக் கதையில் மாநாட்டை விட, பட்டத்தை விட, எங்களைப் பிடித்து நிறுத்தியது அந்த வடக்கன்குளத்து வருடங்கள்தான். டொக்டர் பட்டத்தை வைத்துக்கொண்டு அந்தக் குறையை அவர் மூடி மறைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் மறைக்கவில்லை. எனக்கு இது தெரியாது என்று சொல்லி, தெரிந்தவர் முன்னால் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் குறைவாக இருந்தது, நமக்கு ஆங்கிலம் குறைவாக இருக்கிறது. கீழ்ப் படியில் உட்கார வெட்கப்படாதவர் மேல் படிக்குப் போவார். வெட்கம் பார்த்தவர் பெட்டியோடு வீட்டுக்கு வருவார்.

நாங்கள் என்ன செய்தோம் என்றும் கேட்பீர்கள். நெடுந்தீவுப் பையனோடு சேர்த்து நால்வர். ஏழாம் வகுப்பு ஆங்கில இலக்கணப் புத்தகத்தை வாங்கினோம். கெம்பஸ் பிள்ளைகள் கையில் ஏழாம் வகுப்புப் புத்தகம்! ஒவ்வொரு இரவும் ஒரு மணித்தியாலம். விரிவுரையில் வந்த புதுச் சொற்களைக் கொப்பியில் எழுதித் தமிழில் பொருள் எழுதினோம். விளங்காததை வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளரின் பின்னால் போய்க் கேட்டோம். முதல் தடவை கேட்கும்போது நாக்கு உலர்ந்தது. நாலாம் தடவை அவரே எங்களைத் தேடிக் கேட்டார்.

ஆனாலும் எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. முதலாம் வருடப் பரீட்சையில் எங்களில் ஒருவருக்கு இரண்டு பாடம் போயிற்று. மறுபடி எழுதிச் சித்தியடைந்தார். இன்று அவரும் ஆசிரியர். அந்த இரண்டு பாடத்தை இப்போது யார் கேட்கிறார்கள்?

அந்த வருடம் எங்களை மாற்றியது. வாய் திறந்து கேட்கப் பழகினோம். கையில் இருக்கும் காசை மாதக் கடைசி வரை இழுக்கப் பழகினோம். பெரட்டு என்றால் என்ன, கைக்காசு என்றால் என்ன, லயம் எப்படி இருக்கும் என்று மற்றப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னோம். அவர்களுக்கு நம்மைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை. நமக்கும் அவர்களுடைய கடலைப் பற்றியும் யுத்தத்தில் ஊர் விட்டு ஓடிய கதையைப் பற்றியும் தெரிந்திருக்கவில்லை. வருடக் கடைசியில் நெடுந்தீவுப் பையன் கவ்வாத்து என்ற சொல்லைச் சொன்னான், நாங்கள் வள்ளம் என்றோம். பிற்காலத்தில் தொழிலாளருக்காகத் துரைமார் முன்னால் நின்று பேசும் தைரியம் எங்களுக்கு எங்கே வந்தது என்று யாராவது கேட்டால், அந்த முதல் வருடத்தைத்தான் காட்டுவோம்.

கவ்வாத்தைச் சொன்னோம். உங்களுக்கு நாங்கள் தேயிலை பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. கவ்வாத்து வெட்டிய மலையைப் பாருங்கள். இலை கிடையாது, வெறும் குச்சி. செடி செத்துப்போயிற்று என்று எந்தத் தொழிலாளியாவது சொல்லியிருக்கிறாரா? பிடுங்கிப் போடுங்கள் என்று கங்காணி சொன்னதுண்டா? கொழுந்து வரும் என்று தெரிந்து காத்திருக்கிறோம். பிள்ளையின் முதல் வருடமும் அப்படி ஒரு மலை. அந்த நேரத்தில் வேரைப் பிடுங்கிவிடாதீர்கள்.

இனிக் காரியத்துக்கு வருவோம். யார் யார் என்ன செய்யலாம்?

தம்பி தங்கைகளே, உங்களுக்கு மூன்று சொல்கிறோம். ஒன்று, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், அதே நாளில் சொல்லுங்கள். இரண்டு, தனியாக இருக்காதீர்கள். உங்களைப் போலப் பயந்து உட்கார்ந்திருக்கும் இன்னொருவரைத் தேடுங்கள். அவர் மலையகத்தவராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. தீவிலிருந்து வந்தவராக இருக்கலாம், வன்னியிலிருந்து வந்தவராக இருக்கலாம், சிங்களக் கிராமத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். மூன்று, பகிடிவதை நடந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். கெம்பஸில் பொறுப்பானவர்களிடம் சொல்லுங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள். சங்கம் உங்கள் பின்னால் நிற்கும்.

பெற்றோரே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். போன் எடுக்கும்போது "எப்ப முடியும், எப்ப வேலை கெடைக்கும்" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா, இன்னைக்கு என்ன படிச்ச" என்று கேளுங்கள். வீட்டுக் கஷ்டத்தை மறைக்கவும் வேண்டாம், ஒரே மூச்சில் கொட்டவும் வேண்டாம். பிள்ளை அழுதால் அழ விடுங்கள். அழுது முடித்த பிறகு, "நாளைக்கு வகுப்புக்குப் போ, ஞாயிற்றுக்கிழமை திரும்பப் பேசுவோம்" என்று சொல்லுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பஸ் ஏறாதீர்கள். பொம்பளைப் பிள்ளை என்றால் இன்னும் அவசரப்பட்டுக் கூப்பிடுகிறோம். அவளுக்கும் அதே வருடம்தான், அதே உரிமைதான். ஒரு விசயம் மட்டும் வேறு. உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் பொறுக்காதீர்கள். உடனே போங்கள், எங்களையும் எழுப்பிக் கூட்டிப் போங்கள்.

தலைவர்மாரே, சங்கத்துக்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு டிவிஷனிலும் கெம்பசுக்கும் கல்வியியற் கல்லூரிக்கும் போன பிள்ளைகளின் பெயரையும் போன் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். புதிதாகப் போகும் பிள்ளையை, ஏற்கெனவே அங்கே படிக்கும் அல்லது படித்து முடித்த ஒருவரோடு சேர்த்து விடுங்கள். முதல் நாலு மாதச் செலவுக்குச் சம்பள நாளில் ஆளுக்கு ஐம்பது, நூறு சேர்த்து ஒரு கைமாற்று நிதி வைப்போம். மகாபொலக் காசு வந்ததும் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் போடட்டும். அதில் அடுத்த பிள்ளை போகும். தருமம் என்ற பேச்சே இதில் வேண்டாம். சந்தா கட்டும் நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

நாட்சம்பளம் 1,000 ரூபாய் கேட்டு எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம்? 2015இல் தொடங்கிய கோரிக்கை, 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. முதல் வருடம் கிடைக்கவில்லை என்று யாரும் கொடியைச் சுருட்டிக்கொண்டு போகவில்லை. அந்தப் பொறுமையில் பாதியை நம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறோம்.

துணிக்கடையில் நிற்கும் அந்தப் பிள்ளையோடு போன மாதம் பேசினோம். தகப்பனாரும் வந்திருந்தார். மறுபடி சேர அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் அந்தப் பிள்ளைக்குத்தான் நமது நிதியின் முதல் காசு என்று முன்மொழிகிறோம். சம்மதம் உள்ளவர்கள் கை உயர்த்துங்கள்.